உபயோகத்தில் இல்லாத கிணறு

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து வானம் கலங்கல். வெயில் இருக்கிறது, சூரியனைக் காணோம். கண் எரிச்சல். சஹாரா தூசி என்கிறார்கள் டிவியில், வியாழன் வரைக்குமாம். அத்தனை கடல் தாண்டி எங்கள் ஊர் கேட்டிக்கு வந்து என் கார் பானட்டில் உட்கார்ந்திருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். செம்பழுப்பு, மாவு மாதிரி. தெரிந்த நிறம்தான்.

செய்ய வேண்டியவை: ஸ்பிரிங்க்ளர் ஆளுக்கு போன். டென்டிஸ்ட். கறிவேப்பிலைத் தொட்டியை நிழலுக்கு நகர்த்த. காலனி அசோசியேஷன் கடிதத்துக்குப் பதில். புல் காய்ந்துவிட்டதாம், பத்து நாள் கெடு. புல் காய்ந்தால் இவர்களுக்கு எங்கே வலிக்கிறதோ.

மீரா காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்தும் சும்மா இல்லை, இங்கே உள்ளூர் காலேஜில் ஒரு சம்மர் கிளாஸ். வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன். தூசியைப் பார்த்ததும் தலைப்பு கிடைத்துவிட்டது அவளுக்கு. பாலைவனம். என் பழைய போட்டோ டப்பாவைக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். யோசித்திருக்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

டென்டிஸ்ட் முடிந்தது. இடது பக்கம் மெல்லக் கூடாது.

சாப்பிடும்போது முழுக்க மீராவின் பேச்சு. ஆங்கிலத்தில்தான், மூச்சு விடாமல். இந்தத் தூசி இருக்கும்வரை கடலில் புயல் வலுக்காதாம். அக்கரையில் உள்ள பெருங்காடுகளுக்கு இதுதான் உரமாம். உப்பு ஒட்டகத்தில் தெற்கே போனது, கம்பு திரும்பி வந்தது. வழியை மனிதர்கள் முடிவு செய்யவில்லை, கிணறுகள் முடிவு செய்தன என்றாள். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒட்டகம் எத்தனை நாள் தாங்குமோ அதுதான் வழி. அப்புறம்தான் சந்தை, ஊர், ராஜா எல்லாம்.

சுதாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. "உங்கப்பாவோட பழைய ஃப்ரெண்டுதானே இந்தத் தூசி, அவரையே தொடைக்கச் சொல்லு" என்றாள். சிரித்தோம்.

மீரா ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அந்தப் போட்டோதான். கிணற்று விளிம்பில் கை வைத்து இளைத்த நான், ஓரத்தில் வழிகாட்டி மூசாவின் தோள். அதைக் காட்டிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கப்போகிறாளாம்.

எங்கள் வீட்டுக் கதை: அப்பா சஹாராவைத் தாண்டி ஓடி வந்தார், மீரா பிறக்கும்போது சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தார், ஷூவிலிருந்து மணல் கொட்டியது, நர்ஸ் திட்டினாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணலைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

ஆபீஸில் வேலை ஓடவில்லை. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

மீரா பிறந்த வருஷம், ஆகஸ்ட் மாதம், சஹாராவில். எண்ணெய் இருக்கிறதா என்று தரையை அதிரவைத்துப் பார்க்கும் சர்வே. கனரக வண்டிகள் போகும் கோட்டில் போட்டோவில் உள்ள அந்தக் கிணறு. உபயோகத்தில் இருந்தால் கோட்டை நகர்த்த வேண்டும், ஒரு வாரம் கூடுதல். இல்லையென்றால் மூடிவிட்டு நேராகப் போகலாம். பார்த்து எழுத வேண்டியது நான். சுதாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. என் டிக்கெட் கையில்.

அரை மணி நேரம் பார்த்தேன். சுற்றிலும் ஒரு காலடி இல்லை, சாணி இல்லை. கயிற்றில் வாளி விட்டதில் ஈர மணல்தான் வந்தது. வழிகாட்டியாக வந்த மூசா, ஓர் ஆள் இறங்கித் தோண்டினால் ஊறும் என்றான். உப்புக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை, குளிர் தொடங்கும்போது வருவார்கள் என்றான். அப்படியானால் தடம் எங்கே என்றேன். காற்று என்றான். ஒரு வாரக் கூலிக்காக இழுக்கிறான் என்று நினைத்தேன். நானும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன்தான். அந்தப் புத்தி எங்கே போயிற்று அன்றைக்கு?

'வறண்டது. உபயோகத்தில் இல்லை.' கையெழுத்து.

மறுநாள் காலை புல்டோசர் தள்ளி மூடியது. ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. மூசா அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த கிணறு நாலு நாள் நடை என்று மட்டும் சொன்னான், யாரையும் பார்க்காமல்.

நான் சென்னை வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் மீரா பிறந்தாள். கோட்டை நகர்த்திவிட்டே வந்திருக்கலாம். நர்ஸ் திட்டியது நிஜம், மணலும் நிஜம். ஒன்பது நாள் ஷூவைத் தட்டாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான் என் சாகசம்.

ஜூலை 17, வியாழன்

தூசி குறைந்திருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் ஆள் வரவில்லை.

மீராவிடம் வேறு போட்டோ போடேன், இது மங்கல் என்றேன். மங்கலா? பெரிதாக்கிக் காட்டினாள். விளிம்புக் கல்லில் கயிறு ஓடி ஓடி விழுந்த பள்ளங்கள், விரல் ஆழத்துக்கு. வழவழவென்று. ஒன்றின் மேல்தான் என் கை இருக்கிறது. இது விழ எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். இந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா என்றாள். அதற்கும் தெரியாது என்றேன்.

அன்றைக்கே அந்தப் பள்ளங்களைத் தடவிப் பார்த்தேன். காலடியைத் தேடினேனே தவிர, கைக்குக் கீழே இருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்க விரும்பவில்லை என்று எழுது.

சுதாவுக்கும் தெரியாது. இருபது வருஷம்.

ஜூலை 18, வெள்ளி

மீராவின் கார் சர்வீஸில். நான்தான் காலேஜில் விட்டேன். ஃப்ரீவே முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஷூ, மணல், நர்ஸ். கேட்க முடியவில்லை. பார்க்கிங்கில் இன்ஜினை அணைக்காமலே சொல்லிவிட்டேன். கோடு, கையெழுத்து, புல்டோசர், ஒன்பது நாள், எல்லாம்.

சீட் பெல்ட்டைக் கழற்றினாள். பிறகு தமிழில் கேட்டாள். என்னிடம் தமிழில் பேசி எத்தனை நாளாயிற்று.

"அப்பா, அந்த வருஷமும் அந்த உப்புக்காரங்க வந்திருப்பாங்கல்ல?"

"வந்திருப்பாங்கம்மா."

"அப்புறம்?"

தெரியாது. இந்த முறை பொய் இல்லை, ஆனால் பொய்யைவிட மோசம். கேம்ப் போன் நம்பர் பல வருஷம் என் டைரியில் இருந்தது. மூசாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கப் பயம். அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

சாயங்காலம் சுதாவிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

ஜூலை 19, சனி

வானம் நீலம். ஸ்பிரிங்க்ளர் ஆள் வந்தார். நாலு முனை அடைப்பு, சரி செய்துவிட்டார். இனி அதிகாலை ஐந்துக்குத் தானாகவே ஓடும், வாரம் இரண்டு நாள். புல்லுக்கு.

அசோசியேஷனுக்குப் பதில் அனுப்பியாயிற்று.

மீரா மேஜையில் லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தாள், நான் பார்க்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். கடைசிப் பக்கத்தில் அதே போட்டோ. என்னை வெட்டவில்லை. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்தக் கிணறு உபயோகத்தில் இருந்தது. உபயோகத்தில் இல்லை என்று என் அப்பா எழுதினார்.

ஷூ, நர்ஸ் ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் அவளுக்குப் பிறந்தநாள். கதை கேட்க மாட்டாள்.