லவீனியாவின் ஓடைக் கட்டுரை

ஓஹையோ, ஜூன் 1874

அன்புள்ள கெசியாவுக்கு,

நம் லவீனியாவின் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆனால் பட்டமளிப்பு மேடையில் அதை அவள் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் எழுதியதைப் பேராசிரியர் ஒருவர்தான் வாசிப்பாராம். ஒரு பெண் சபையைப் பார்த்துப் பேசினால் இந்தக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அடக்கக் குறைவாம்.

முதல்வரிடம் போனேன். "ஓடைத் தண்ணியச் சோதிச்சது அவ. வீடு வீடாப் போய்க் காய்ச்சல்காரங்களைக் கணக்கெடுத்தது அவ. வாசிக்க மட்டும் நீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். "நாங்க வாசிச்சா உங்களுக்கும் நல்லதுதானே, ஐயா? உங்க தோல் பட்டறையைப் பத்தின பக்கத்தை விட்டுடுவோம்."

முப்பது வருட வியாபாரத்தில் இப்படி வலிய வந்த சலுகையை நான் தள்ளியதே இல்லை. எரிச்சலோடு வெளியே வந்து, வாசலில் காத்திருந்த லவீனியாவிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். "அந்தப் பக்கத்தை நீங்க படிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள் உன் மகள். படித்திருந்தேன். பட்டறைக் கழிவைப் பற்றி வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.

மறுபடி உள்ளே போய் மதியம் வரை மல்லுக்கட்டினேன். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன் என்றார் மனிதர். முடிவானது இதுதான்: ஒரு பக்கமும் விடாமல் அவளே வாசிக்கலாம், கை அசையக் கூடாது, கண் தாளை விட்டு நிமிரக் கூடாது.

உன் கணவன்