மூன்றாம் மாடிக் கூடை

பாலக் கட்டுமான முகாம்
பிப்ரவரி 9

அக்கா,

நலமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. எப்படியும் நலம் என்றுதான் எழுதுவாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. கட்டடத்தின் வெளிப்பக்கமாக லிஃப்ட் வைக்கப் போகிறார்களாம். பொது நிதி முழுவதையும் அதில் கொட்டப் போகிறார்களாம். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சம்மதித்தால்தான் பொது இடத்தில் கட்ட முடியும் என்பதால் என் கையெழுத்தும் வேண்டுமாம். கூடவே ஒரு படம். படமா அது? லிஃப்டுக்கான குழியை மூலைத் தூணின் காலடியிலேயே தோண்டுகிறார்கள். மண்ணைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தத் தூணின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைவிட ஆழமாகப் பக்கத்தில் தோண்டினால் அடிமண் சரியும், தூண் இறங்கும், சுவர் பிளக்கும். முதல் வருட இன்ஜினியரிங் பையனுக்குத் தெரியும் இது. ஒப்பந்தக்காரர் யாரென்று பார்த்தேன். மைக்கைப் பிடித்தால் விடாத நம் செயலாளர் இருக்கிறாரே, அவருடைய மைத்துனர்!

இந்த மைக் மாமாதானே போன தடவை வாசலில் நீரூற்று வைத்தார்? திறந்த அன்றைக்கு ஒரு முறை துப்பியது. அதோடு சரி. இப்போது அதில் காக்கா குளிக்கிறது.

வீடு என் பெயரில் இருந்தாலும் அங்கே இருப்பவள் நீ. உன்னிடம்தான் குழைவார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதே. தம்பியைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் கத்துகிறேன், எழுது என்று நீதான் சொன்னாய். எழுதினாலும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்பானர்


பிப்ரவரி 20

அன்புள்ள ஸ்பானருக்கு,

நலம். நீ சொன்னபடியே எழுதிவிட்டேன், திருப்திதானே?

உன் கடிதத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்துகளை எல்லாம் சிவப்பு மையில் போட்டு வைத்தேன். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தின கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? கோபம் வந்தால் உனக்கு முதலில் காணாமல் போவது ஒற்றுதான், பள்ளிக்கூட நாளிலிருந்தே.

மைக் மாமா வந்திருந்தார். மூன்று மாடி ஏறி வந்து பேச்சே வரவில்லை அவருக்கு. "தண்ணி குடுங்கம்மா. மைக் இருந்தாக்கூட இப்ப எனக்குச் சத்தம் வராது" என்றார். குடித்துவிட்டு, "உங்க தம்பி கெட்டிக்காரர்தான். இல்லேங்கல. ஆனா இந்த லிஃப்ட் எனக்காகவா? நான் தரைத்தளத்துல இருக்கேன்மா" என்றார். நீரூற்றைப் பற்றி நான் கேட்டேன். "அது தப்புதான், அதையே எத்தனை நாளைக்குச் சொல்வீங்க?" என்று சிரித்தார். பாவம் தம்பி, நீ நினைக்கிற அளவுக்குப் பெரிய திருடர் இல்லை.

அவர்கள் படத்தை நானும் பார்த்தேன். நீ சொன்னபிறகு எனக்கே புரிகிறது, குழி தப்பான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் தப்பு எது என்று தெரிந்தவனுக்குச் சரி எது என்றும் தெரியுமே. நீயே ஒரு படம் வரைந்து அனுப்பேன். நான் ஒரு வரியை அடித்தால் ஓரத்தில் சரியான வரியை எழுதியாக வேண்டும். அடித்துவிட்டு மட்டும் அனுப்பினால் அச்சகத்துக்காரர் என்ன செய்வார்?

இங்கே ஒரு புது ஏற்பாடு. பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடை இறக்குகிறேன். முதல் மாடி டீச்சர் பால், காய்கறி, மருந்து எல்லாம் வாங்கி அதில் போட்டுவிடுகிறாள். அச்சகத்துப் புரூஃப் கட்டுகூட இப்போது கூடையில்தான் ஏறுகிறது. மகாராணி மாதிரி இருக்கிறேன். இழுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

கயிற்றைப் பால்கனிக் கம்பி மேல் போட்டு இழுக்கிறாய், அப்படித்தானே? உராய்விலேயே பாதி பலம் போய்விடும். இரண்டு கப்பி வாங்கு. ஒன்றை மேலே கொக்கியில் மாட்டு, இன்னொன்றைக் கூடையின் பிடியில் கட்டு. கயிற்றின் ஒரு நுனியை மேலேயே முடிந்துவிடு. பாரம் பாதியாகும். கயிறு மட்டும் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். தெளிவாகப் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், கொக்கி அளவு உட்பட. கடைக்காரனிடம் காட்டினால் போதும்.

லிஃப்ட் படம் வேறு கதை. அது விளையாட்டில்லை. அதோடு, மைக் மாமாவின் மைத்துனர் லாபம் பார்க்க நான் ஏன் ஓசியில் மூளையைக் கசக்க வேண்டும்? பாலத்தின் நடு உத்தரம் ஏறட்டும், பிறகு பார்க்கலாம்.

சங்கத்துக்கு என் ஆட்சேபத்தை எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் வர முடியாது. என் சார்பில் நீதான் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதிகாரக் கடிதம் உள்ளே இருக்கிறது. உன் குரல் கணீரென்று இருக்கும். ஒரு வரி விடாமல் படி. பாவம் பார்த்து நடுவில் எதையாவது மென்று விழுங்கிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஸ்பானர்


மார்ச் 24

அன்புள்ள ஸ்பானருக்கு,

படித்துவிட்டேன். எட்டுப் பக்கமும்.

சாயங்காலக் கூட்டத்துக்கு மதியம் சாப்பிட்ட கையோடு இறங்க ஆரம்பித்துவிட்டேன். முன்வரிசையில் இடம் பிடிக்கத்தான் என்று டீச்சரிடம் சொன்னேன். கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உன் அதிகாரக் கடிதத்தைக் கொடுத்ததும் மைக் மாமா என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்களேவாம்மா படிக்கப் போறீங்க?" என்றார். "வீட்டுக்காரர் சொன்னா குடியிருக்கிறவ செய்ய வேணாமா?" என்றேன்.

நாலாவது பக்கத்தில் டீச்சர் எழுந்துவிட்டாள். "நிறுத்துங்கக்கா! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"கமா வரைக்கும் வந்துட்டேன்டி. முற்றுப்புள்ளி வரைக்கும் போக விடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள்.

நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி. படிக்கப் படிக்க, நான் படிக்க வைத்த பையன் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. தூணைப் பற்றி நீ எழுதியதைக் கேட்டு எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மைக் மாமா மைக்கை அணைத்துவிட்டு, "ஒருத்தர் வேணாம்னாலும் கட்ட முடியாது. விட்டுடுவோம்" என்றார். அப்புறம் அந்த நிதியில் புது கேட் போட்டு வெள்ளையடிப்பதாக முடிவாகிவிட்டது. அதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டாமாம். பெரும்பான்மை போதுமாம்.

வேலை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நல்ல படம் போனால் மனது மாறுவார்கள். மைக் மாமாவே சொன்னார். அனுப்புகிறாயா?

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

சபாஷ்! மைக் மாமா மைக்கை அணைத்த காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை எனக்கு.

கேட்டும் வெள்ளையும் வெட்டிச் செலவுதான், ஆனால் ஆளைக் கொல்லாது. போகட்டும். படம் படம் என்று நீயும் விடமாட்டேன் என்கிறாய். யாருக்கு இப்போது என்ன அவசரம்? இத்தனை வருடம் ஏறிக்கொண்டுதானே இருந்தீர்கள்? மாடி ஏறுவது இதயத்துக்கு நல்லது. உத்தரம் இன்னும் ஏறவில்லை, தூங்கவே நேரமில்லை. அடுத்த மாதம் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்குமே, ஏன் இப்படிக் கோழி கிளறியது போல ஆகிவிட்டது? அவசரத்தில் எழுதினாயா? என்னைச் சொல்கிறவள் நீ.

கப்பி மாட்டினாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஸ்பானர்


மே 19

தம்பி,

இதை உட்கார்ந்து படி.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். அச்சகத்துக்குப் பின்தெருவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி இருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு அறை. வாசலில் படியே இல்லை, அதற்காகத்தான் இந்த இடம். சாவி டீச்சரிடம் இருக்கிறது.

எனக்குக் கால் போய்க்கொண்டிருக்கிறது. நரம்பு வியாதி. பெயரை டாக்டரிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டுப் பிழையில்லாமல் எழுதி வைத்துக்கொண்டேன். அதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார். முதலில் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. அப்புறம் படியில் கால் தூக்க வரவில்லை. இப்போது கைக்கும் வந்துவிட்டது. கோழி கிளறியது போல என்றாயே, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

கூட்டத்துக்கு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினேன். திரும்ப மேலே தூக்கி வந்தவர்கள் மைக் மாமாவும் காவல்காரரும். யாருக்காக லிஃப்ட் என்று அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. என் காலைப் பற்றி உனக்கு எழுதக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கத்துவாய். சொல்லியிருந்தால் மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பாய், தப்பான குழி என்று தெரிந்தே. என் காலுக்காகப் பன்னிரண்டு குடும்பம் நிற்கிற தூணைப் பணயம் வைத்திருப்பாய். அப்படி ஒரு கையெழுத்தை உன்னிடமிருந்து வாங்க எனக்கு மனது வரவில்லை. அதனால்தான் படம் கேட்டேன். காரணம் கேட்காமல் தருவாய் என்று நினைத்தேன். கூடைக்குக் கேட்காமலே வரைந்து தந்தாயே!

கப்பி மாட்டினோம். பாரம் பாதியாகத்தான் ஆனது. அந்தப் பாதியையும் இழுக்கக் கை வரவில்லை என்பதால் எழுதவில்லை.

போன வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கினார்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் மூன்று பேர், நாலாவது கால் மைக் மாமா. "கல்யாணப் பொண்ணு மாதிரி போறீங்கம்மா" என்று அவர் சொன்னதும் டீச்சர் அழுதுவிட்டாள். புது கேட் நன்றாக இருக்கிறது. அகலமாகத் திறக்கிறது. நாற்காலி எங்கேயும் இடிக்கவில்லை.

பாலத்தைப் பாதியில் விட்டு ஓடி வராதே.

அக்கா


ஜூன் 2

அக்கா,

ஓடி வராதே என்று எழுதியும் வந்தேன். வந்து என்ன செய்தேன்? உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கப்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நைலான் கயிறு நல்லதா, பருத்திக் கயிறு நல்லதா என்று. நீயும் பெரிய விஷயம் போல உம் கொட்டிக்கொண்டிருந்தாய். வேறு எதையாவது பேச வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. விடுதிக்காரம்மா நேரமாகிவிட்டது என்றதும், காப்பாற்றப்பட்டவன் மாதிரி எழுந்தேன். தெருமுனைவரைகூட நடக்க முடியவில்லை. ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

படம் இத்துடன்.

லிஃப்ட் மூலைத் தூண் பக்கம் வேண்டாம். படிக்கட்டு திரும்புகிற பக்கம், சுவரை விட்டுத் தள்ளி, தனி அஸ்திவாரத்தில் இரும்புச் சட்டமாக நிற்கும். பழைய கட்டடத்தின் மேல் ஒரு கிலோ பாரம்கூட ஏறாது. ஆழமான குழி தேவைப்படாத வகை லிஃப்ட் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன். கதவு, சக்கர நாற்காலி திரும்புகிற அகலம். ஒவ்வொரு மாடியிலும் தரையும் லிஃப்டும் ஒரே மட்டம், தடுக்காது.

வரைய எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் கேட்டுவிடாதே.

செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நீ பிழை பார்த்துச் சொல். நீ சொன்னால்தான் இறுதி.

உன் தம்பி


ஜூன் 20

அன்புள்ள ஸ்பானருக்கு,

நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுகிறாள். ஒற்றுப்பிழை இருந்தால் அது அவளுடையது. இப்போதே முறைக்கிறாள்.

மைக் மாமா உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம், ஒருவர்கூட மறுக்கவில்லையாம். "தங்கமான படம்மா. நிதி மறுபடி சேர ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா கட்டிடுவோம். நீங்கதான் முதல்ல ஏறணும்" என்றார். டாக்டர் என்னிடம் சொன்ன நாள் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். நீயும் அவரிடம் சொல்லாதே. மனுஷர் இப்போதுதான் நீரூற்றை மறந்திருக்கிறார்.

வீட்டைப் பூட்டியே வைக்காதே. வயதான பெற்றோர் இருக்கிற குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விடு. லிஃப்ட் வரும்போது அவர்களுக்கு ஆகும். கூடையையும் கப்பியையும் எடுக்க வேண்டாம், அதுவரை உதவும்.

கடை வாசலில் உட்கார்ந்ததை ஏன் எழுதினாய்? அதை மட்டும் படிக்காமல் இருந்திருக்கலாம். கயிற்றைப் பற்றி நீ பேசினது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அடுத்த முறை இரும்புக் கம்பியைப் பற்றிப் பேசு, கேட்கிறேன்.

படத்தை முழுக்கப் பார்த்துவிட்டேன், டீச்சர் தாளைப் பிடித்துக்கொள்ள. அளவு, குறிப்பு, எழுத்து, எல்லாம் சுத்தம். உன் எழுத்தில் இப்படி ஒற்று விடாமல் நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு பிழை. லிஃப்டுக்குள் அளவு காட்டுவதற்காக ஒரு பெண்ணை வரைந்திருக்கிறாய். கையில் கூடை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

சிவப்புப் பேனாவை எடுக்கச் சொன்னேன். பிறகு மூடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

அது அப்படியே இருக்கட்டும்.

(கையெழுத்து மட்டும் என்னுடையது)
அக்கா