வாப்பாவின் மூன்று நோன்புகள்

மருதமுனை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் நிப்றாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் தங்கச்சி சஹ்லாவும் அல்லாஹ்வின் உதவியால் இருக்கிறோம். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முந்திவிடுகிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்பும் பளீல் இதைக் கொண்டு வருவான்.

வாப்பா நம்மை விட்டுப் போன நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தத்தைச் சாலிஹ் மாமா குறையில்லாமல் ஓதி வைத்தார். அனலாய் வீசும் கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. வளவில் பயிற்றங்கொடி கருகிவிட்டது. கத்தரிக்கு சஹ்லா பின்னேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள். பகல் வெயிலில் அவளை நான் வெளியே விடுவதில்லை.

நேற்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒப்பரேசன் செய்து படுத்ததால் போன ரமழானில் வாப்பாவுக்கு ஆறு நோன்பு விடுபட்டது, அதில் மிச்சம் மூன்றையும் நான் பிடிக்கிறேன் உம்மா என்றாய். யா அல்லாஹ்! பிறர் வீட்டுப் புல்லுக்கும் பூமரத்துக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் அடிக்கிறவன், அந்த நெருப்பு வெயிலில் ஒரு மிடறு குடிக்காமல் நிற்கப் போகிறாயா? வாப்பாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு.

வாப்பா விழுந்த அன்று நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. மூன்று நோன்பைப் பிடித்துவிட்டு, நாலாவது நோன்போடு பத்து மணிக்கு மிளகாய்ப் பாத்தி கொத்த இறங்கினார். வெயில் ஏறிட்டு, உள்ளுக்கு வாங்களன் என்று கூப்பிட்டேன். இந்தா ரெண்டு பாத்திதான் புள்ள என்றார். பிறகு எட்டிப் பார்த்தபோது முகம் சிவந்திருந்தது, உடம்பில் வேர்வை ஒரு சொட்டும் இல்லை. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்தேன், மடச்சி. மாமரத்தில் சாய்ந்துகொண்டு என்னவோ முணுமுணுத்தார். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் செய்கிற மனுசனை இடையில் குழப்பக் கூடாது என்று உள்ளே வந்து மீன் கழுவினேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது மரத்தடியில் விழுந்து கிடந்தார்.

அது திக்ர் இல்லை மகன். சூடு தலைக்கேறிப் பிதற்றியிருக்கிறார். வேர்வை நின்று பேச்சுத் தடுமாறினால் உயிருக்கு ஆபத்து, உடனே நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். பத்து அடி நடந்தால் கிணறு. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறிக்கலாம் என்பது எனக்குத் தெரியாததா?

சாலிஹ் மாமாவை அனுப்பி மௌலவியிடம் கேட்டேன். வாரிசான நீ சம்மதித்தால் உனக்குப் பதிலாக இன்னொருவர் பிடிக்கலாமாம். நான் புருசனை இழந்து இத்தா இருக்கிறவள், இன்னும் மூன்று மாதம் வாசலைத் தாண்டப் போவதில்லை. என் மேல் எந்த வெயில் படப் போகிறது? அந்த மூன்றையும் எனக்குத் தந்துவிடு. ஓம் உம்மா என்று ஒரு சொல் அனுப்பினால் போதும்.

வெயில் ஏறினால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போ. சுப்பவைசர் ஏசினால் ஏசட்டும். ஏச்சுக் கேட்டு யாரும் மௌத்தாகவில்லை.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைப்பானாக. இதை வாசித்து முடித்ததும் ஒரு கோப்பை தண்ணீர் குடி மகன். உன் வாப்பாவுக்கு நான் கொடுக்காமல் விட்டது அது.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
ஸகியா