பதினாறில் நான்கு

பிப்ரவரி 4, செவ்வாய்

எடிட் செய்த பன்னிரண்டு நிமிட மனை விளம்பரத்தை முழு வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து எடுக்க இன்றும் ஐம்பது நிமிடம். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தூங்குகிறாயா என்று கேட்டார். எக்ஸ்போர்ட் ஓடுவது அக்காவின் பெரிய எடிட்டிங் மெஷினில். திட்டு மட்டும் எனக்கு. வாங்கிய நாளில் முதலாளி, உள்ளே மூளை மாதிரி பதினாறு கோர், பதினாறு ஆள் வேலையை ஒண்டியாகச் செய்யும் என்று தெருவுக்கே சொன்னாராம். பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருப்பார்.

பிப்ரவரி 5

அக்கா என்று கூப்பிடுகிறேன். அவரைப் பற்றி என்ன தெரியும்? இங்கே என்னைத் தவிர இருக்கும் ஒரே எடிட்டர், அவ்வளவுதான். தினமும் மூன்று மணிக்கு எக்ஸ்போர்ட்டைத் தட்டிவிட்டுப் பையோடு கிளம்புகிறார். மூன்றே முக்காலுக்கு மூச்சு வாங்கத் திரும்புகிறார். எங்கே போறீங்க என்று கேட்டேன்.

"மெஷின் ஓடுதுல்ல தம்பி, அப்புறம் என்ன?"

பையில் என்ன? நம் ஃபுட்டேஜ் போட்டி ஸ்டூடியோவுக்குப் போகிறதோ?

பிப்ரவரி 7

அவர் வெளியே போனதும் அவர் மெஷினில், எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பதினாறு கட்டங்களில் நான்கு மட்டும் உச்சியில். மீதிப் பன்னிரண்டும் தரையோடு கிடக்கின்றன. சரக்கு நல்லதுதான். யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். அக்காவின் திரையில் இருப்பது எடிட்டிங் சாஃப்ட்வேரின் ஐகானே இல்லை. அதே படத்தை ஒட்டிய ஒரு குட்டி ஃபைல். உள்ளே ஒரே வரி: நான்கு கோர் மட்டும் கொடுத்துத் திற. இரண்டு வருடம் முன்பு எழுதியது. அப்போது நான் இங்கே இல்லை. முதலாளிக்கு ஒரு ஃபைலின் பெயரை மாற்றக்கூடத் தெரியாது. அப்படியென்றால்...

வரியை அழித்தேன். அதே விளம்பரம், பதினான்கு நிமிடம்! முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செட்டிங் தப்பாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். தோளைத் தட்டினார், ஒன்றரை வருடத்தில் முதல் முறை. அக்கா உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 11

நாளுக்கு மூன்று வீடியோ என்பது நாளையிலிருந்து ஏழு என்றார் முதலாளி. ஒவ்வொன்றும் முடிந்ததும் அங்கேயே பார்த்துச் சரிசெய்து அனுப்ப அக்கா நாற்காலியிலேயே இருக்க வேண்டுமாம். நேரத்தை மிச்சப்படுத்தியது நான். அதில் ஒரு நிமிடமாவது எங்களுக்கு? கிடையாது.

பிப்ரவரி 12

மூன்றேகால். அக்காவின் போன் விடாமல் அடித்தது. மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"வாட்ச்மேன் அண்ணா, பாப்பாவ உள்ளயே உக்கார வைங்க. எப்படியாவது வந்துடறேன்."

பள்ளிக்கூடம். பிள்ளையை அழைத்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவருவாராம், தினமும். பையில் பிள்ளைக்கு மாற்றுச் சட்டை, பிஸ்கட். நான் என்னென்ன நினைத்தேன்!

"மனுஷி கேட்டா விடமாட்டாரு தம்பி, கேட்டுப் பாத்துட்டேன். மெஷின் ஓடினா விடுவாரு. அதான் மெதுவா ஓட வெச்சேன்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ அவர் ஆளா என் ஆளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிப்ரவரி 13

மறுபடி நான்காக்க முடியாது. பதினான்கு நிமிடம்தான் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. நான்தானே கூப்பிட்டுக் காட்டினேன்.

பிப்ரவரி 14

மூன்று மணிக்கு வெளியே விடச் சொல்லி அக்கா நேராகவே கேட்டார். "ஸ்கூலா ஸ்டூடியோவா, திங்கட்கிழமைக்குள்ள முடிவு பண்ணிக்கோம்மா" என்றார் முதலாளி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்று மணிக்கு, வாடிக்கையாளரிடம் ஹார்ட் டிஸ்க் கொடுக்கணும் என்று முதலாளியிடம் புளுகினேன். மெஷினை வேகமாக்கியவன் அல்லவா, போய் வா என்றுவிட்டார். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

பள்ளிக்கூட வாசலில், அக்கா எழுதிக் கொடுத்த கடிதத்தை வாட்ச்மேன் இரண்டு தடவை படித்தார். யார் நீ என்றார். மாமா என்றேன்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க, மாமா?"

அக்காவுக்கே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தார். பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர எனக்குத் தெரியும். அம்மாவோட மெஷின வேகமா ஓட வெச்சவரு."

கையை நீட்டினேன். புத்தகப் பையை மட்டும் கொடுத்தாள்.