தலைக்கட்டுப் பட்டியலில் இல்லாத வீடுகள்

ஐப்பசி, வெள்ளி இரவு.

அம்மையே, பொய் கலவாமல் எழுத அருள்வாய்.

பட்டாசு ஆலை வெடி விபத்தில் ஆளை இழந்த குடும்பங்கள் எத்தனை, அவற்றுக்கு என்ன உதவி தேவை என்று ஆராய மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஊரிலுள்ள எல்லா வீடுகளின் பட்டியலையும் கேட்டாள். வீட்டுக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரியின் பட்டியலை, அக்கணக்கை எழுதும் நானே மகிழ்ந்து கொடுத்தேன். அதில் ஐந்துக்கு ஒரு வீடாகத் தேர்ந்து விசாரித்தாள். நேற்று, "ஐயா, ஆளை இழந்த வீடு ஒண்ணுகூட வரலையே. இங்க உதவி தேவையில்லன்னுதான் எழுதணும்" என்றாள். இறந்தவர் வீடுகளும் தேறிவிட்டன போலும், இறையருள் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்று கோயிலில், அவ்விபத்தில் இறந்த சண்முகத்தின் மனைவி வழிமறித்தாள். "அந்தப் புள்ள எங்க தெருவுக்கு வந்துச்சு. புருசன் செத்த வீடு ஒண்ணுலயும் ஏறலையே? நாங்கல்லாம் ஊர்லயே இல்லைன்னு சொல்லிட்டீகளா?"

அப்போதுதான் உறைத்தது. கணவன் இறந்தால், கைம்பெண்ணிடம் வரி கேட்கலாகாது என்று அவ்வீட்டையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். கருணை என்று நினைத்து அடித்தது என் கையே.

உடனே அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பட்டியலே தப்புன்னா எல்லாம் தப்புங்க ஐயா. விட்டுப்போன வீடுகளை எழுதி வைங்க, நாளைக்கே வர்றேன்" என்றாள்.

எழுத அமர்ந்தேன். ஒன்பது வீடுகள். இறந்த ஒன்பது ஆண்களின் பெயர்களும் நினைவிருக்கின்றன. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் வாசல்தோறும் சென்று கேட்க வேண்டும்.

தாயே, அவ்வீடுகளையும், என்றேனும் இவ்வேட்டைத் திறப்பவர் இல்லத்தையும் காத்தருள்.