வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மருமகள்

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே முதுகைச் சுடும் வெயில். மாடியில் வடகம் பிழிந்து போட்டேன். காக்காவை விரட்டக் கறுப்புக் குடை ஒன்று விரித்து வைத்தேன். காக்கா குடைமேலேயே உட்கார்ந்துகொண்டது.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. கரும்பு வெட்டும் தேதியெல்லாம் எழுதப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் வாங்கி வந்தார். தலைக்கு வைத்துத் தூங்கியதோடு சரி. இனி இது எனக்கு. அஞ்சாவது படித்தவள் எழுத்து, யாரும் படிக்கப் போவதில்லை.

வடகத்துக்குத் துணை பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம், எனக்கு ஓரகத்தி. அண்ணன் காலமாகி நாளாகிறது. அக்காவுக்குச் சுகர், முட்டிவலி, பயம் எல்லாம் உண்டு. (ஒவ்வொரு முறையும் முழுப்பெயர் எழுதினால் விரல் நோகிறது. இனி பா.அ.)

ஓட்டு கேட்கும் ஆட்டோ வந்தது. ஒரே பாட்டு, ஒரே பேச்சு. "தாய்மார்களே, உஷார். வெளியாட்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். உங்கள் சோற்றில் கை வைக்கிறார்கள். விழித்துக்கொள்ளுங்கள்."

வெளியாள் என்றால் வேறு யாருமில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள். எங்கள் ஊர் புதுச்சேரி. மதகைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் மாடு அங்கே மேயும், அவர்கள் கோழி இங்கே முட்டை வைக்கும்.

பா.அ. முகம் சுருங்கிவிட்டது. "உள்ளயே வந்துட்டாங்களாமே, அஞ்சல."

என் வாய் சும்மா இருக்குமா? "உன் வூட்லயும் ஒருத்தி கீறாளே அக்கா. வாய்க்கா தாண்டி வந்தவ. உனக்குச் சோறே அவதான் ஆக்குறா."

சொன்னது அவள் மருமகள் ரேவதியை. தையில் அக்கா மகன் குமாரோடு கல்யாணம். எங்கள் மாடியில் நின்றால் ரேவதி அம்மா வீட்டு முருங்கைமரம் தெரியும், அவ்வளவு தூரத்து வெளியாள்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். வடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பா.அ. வீட்டில் சீரியல். அதில் ஒரு மருமகள் பட்டுப்புடவையோடு தூங்கி, பட்டுப்புடவையோடு எழுந்து, மாமியார் பாலில் தினமும் ஒரு சொட்டு விஷம் விடுகிறாள். மாமியாருக்குத் தலை சுற்றல். பா.அ. டிவியிடம் கெஞ்சினாள், "குடிக்காதடி, மாத்தி வெச்சிடுடி." அவள் குடித்துவிட்டாள். அது முடிந்ததும் வேறு சேனலில் கொலைச் செய்தி, பின்னாலேயே திகில் மியூசிக். ரேவதி அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி 11, புதன்

மதியம் பா.அ. எங்கள் வீட்டில் சாப்பாடு. நேற்றும் இங்கேதான். "உன் கொழம்பு வாசன இழுத்துகினு வந்துடுச்சிடி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அக்கா சாப்பிட்டவை:
வத்தக்குழம்பு, இரண்டு தடவை.
அப்பளம், என்னுடையதும் சேர்த்து.
நேற்றைய கருவாட்டுத் தொக்கு, வழித்தே.

இவர் சொன்னார்: "உங் கொழம்புக்கா அண்ணி வரும்? அங்க இன்னாமோ கீது, பாரு."

பொறாமை என்று விட்டுவிட்டேன்.

பங்குனி 12, வியாழன்

ரேவதி கருவேப்பிலை கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கருவேப்பிலை மரமே இருக்கிறது. பேச வந்தவள் என்று புரிந்து, முறத்தைக் கீழே வைத்தேன்.

"சின்னத்த, எனக்கு ஞாபகமறதி வந்துடுச்சின்னு நெனைக்கறேன். அத்தைக்கு சக்கர இல்லாம ஒரு டீ, எனக்கு சக்கர போட்டு ஒண்ணுன்னு தனித்தனியா கலக்கறேன். குடிச்சா என்னுதுல சக்கரையே இல்ல. தெனமும் இப்படி."

"புதுப்பொண்ணு. குமாரு மூஞ்சப் பாத்துகினே கலக்கியிருப்ப."

"அவரு நைட் ஷிப்ட் சின்னத்த. அந்நேரத்துக்கு அவரு திருபுவனை கம்பெனியிலேருந்து பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாரு."

பிறகு குரலைத் தணித்தாள். "நான் செய்யறத அத்த சாப்டறதே இல்ல. தட்டு காலியாவுது. ஆனா சாப்டல."

தட்டு எப்படிக் காலியாகிறது என்பதைப் போகும்போது பார்த்தேன். அவர்கள் கொல்லையில் நாய் மணி. போன மாதம் விலா எலும்பு எண்ணலாம். இப்போது நடக்கும்போது வயிறு இடமும் வலமும் ஆடுகிறது. பா.அ. தட்டை அதற்கு வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து மணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

நான் விளையாட்டுக்குச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடகம் காய்ந்துவிட்டது. எடுத்து வைக்க மனசில்லை.

பங்குனி 13, வெள்ளி

பா.அ. கோலம் போடும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பாதி மயில், அதற்குமேல் வாளி கவிழ்ந்த தண்ணீர். நானும் ரேவதியும் ஷேர் ஆட்டோவில் பி.எச்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் ரேவதிதான் மாமியார் தலையைத் தோளில் தாங்கி வந்தாள்.

நர்சம்மா விரலில் குத்திப் பார்த்தார். "இன்னாம்மா, சுகர் இவ்ளோ ஏறிப்போச்சி? இன்னா சாப்டீங்க?"

பா.அ. நர்சம்மா காதருகே குனிந்து ரகசியம் சொன்னாள். அக்காவின் ரகசியம் எப்போதும் ஓட்டு ஆட்டோ மாதிரி. வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"மருமவ டீல இன்னாத்தையோ கலக்குறாம்மா. தெனம் ஒரு சொட்டு."

ரேவதி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். நர்சம்மா ரேவதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று தலையாட்டினேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது ரேவதி டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். டிரைவர்கூடச் சிரிக்கவில்லை.

சாயங்காலம் குமார் வந்தான். "சித்தி, ரேவதி பைல துணி எடுத்து வெக்கறா. இன்னா ஏதுன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா. இப்ப போனா திரும்ப வர மாட்டா போலருக்கு. நீதான் வந்து பேசணும்."

அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரேவதி சொன்ன சர்க்கரை நினைவுக்கு வந்தது. அவள் டீயில் சர்க்கரை இல்லை. அப்படியானால் அந்தச் சர்க்கரை யார் வயிற்றுக்குப் போனது? கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது.

பங்குனி 14, சனி

விடிந்ததும் பா.அ. வீட்டுக்குப் போனேன். கதவோரம் பை. "போறவ போ. ஒரு டீ போட்டு குடுத்துட்டு போ" என்றேன். ரேவதி இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. "இது அத்தைக்கு. இது எனக்கு. உங்களுக்கு எடுத்தாரேன்" என்று உள்ளே போனாள்.

நான் நாள்காட்டியில் ராசிபலன் படிப்பதுபோல் திரும்பி நின்றேன். ஓரக்கண் மட்டும் இங்கே. முட்டிவலிக்காரி கை என்ன வேகம். டம்ளர் இரண்டும் இடம் மாறிவிட்டன.

"அக்கா, கைய எடுக்காத. அப்படியே வெய். எது உன்னுது?"

"இதான்."

"அது ரேவதிது, சக்கர போட்டது. உனக்குன்னு சக்கர இல்லாம கலக்குறத அவ பக்கம் தள்ளிட்டு, அவளுத நீ குடிக்கற. சுகர் ஏறாம இன்னா பண்ணும்?"

ரேவதி என் டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். குமார் பின்னால் கம்பம் மாதிரி.

"மாத்தி வெக்காமதான அந்த டிவிக்காரி படுத்த படுக்கையா கெடக்கறா" என்றாள் பா.அ.

"சரி, விஷம்னே வெச்சிக்க. அந்த டம்ளர இந்தப் பொண்ணு தெனமும் குடிச்சாளே. கல்லு மாதிரி நின்னாளே. அப்பவாவது ஒறைக்கல?"

பா.அ. என் பக்கம் சாய்ந்தாள். "மாத்து மருந்து வெச்சிருப்பான்னு நெனச்சன்டி."

குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ரேவதிக்கு வரவில்லை.

"நான் குடிக்கறத பாத்துகினே இருந்தீங்களா, அத்த?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை. எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. பா.அ. புடவைத் தலைப்பால் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டீ உள்ளே இருக்கிறது, வெளியே துடைக்கிறாள்.

"அந்த வெளியாளு பேச்ச ஆரம்பிச்சது நான்தாம்மா" என்றேன். "விளையாட்டுக்கு."

"நீங்க விளையாட்டுக்கு சொன்னீங்க, ஆட்டோக்காரன் ஓட்டுக்கு சொல்றான், டிவிக்காரன் விளம்பரத்துக்கு காட்டறான். வரிசையில நின்னு கேட்டது நான்தான சின்னத்த."

நான் போய் அவள் கையிலிருந்த என் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

ரேவதி முடிவாகச் சொன்னது: செவ்வாய்க்கிழமை ஓட்டு. அவள் பெயர் இன்னும் அந்தப் பக்கத்து லிஸ்டில்தான். அன்றைக்குப் போவாள். திரும்புவது பற்றி அங்கே போய் யோசிப்பாள்.

பங்குனி 15, ஞாயிறு

பிரசாரம் இன்றோடு முடிவு. ஆட்டோ கடைசிச் சுற்று. "வெளியாட்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே" என்று அது ஆரம்பிக்கும்போது பா.அ. துடைப்பத்தோடு நடுரோட்டில்.

"நிறுத்துடா."

ஆட்டோ நின்றது. டிரைவர் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தான். "இன்னாம்மா?"

"எவன்டா எங்க வூட்டுக்குள்ள வந்தது? பாத்தியா நீ?"

"நான் பேசலம்மா. பொட்டி பேசுது."

"எந்த ஊருடா?"

"மதகுக்கு அந்தாண்டதாம்மா. நாள் வாடகைக்கு ஓட்றன்."

நான் சொன்னேன்: "அக்கா, வெளியாளு வரான்னு சொல்ல வெளியாளையே வெச்சிருக்காங்க."

பா.அ. அவன் கையில் இருந்த பஞ்சையே பார்த்தாள். "காதுல அடச்சிகினு ஓட்றான்டி. அப்ப இத நாமதான் கேட்டுகினு இருந்தமா?"

ரேவதி செம்பில் தண்ணீரோடு வந்தாள். அவனுக்குத் தெரிந்த முகம்தான். "எங்க அம்மா வூட்டு தெருதான்" என்றாள். அவன் குடித்துவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டு, எங்கள் தெருவை மட்டும் சத்தமில்லாமல் கடந்தான்.

பா.அ. ரேவதியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது: "செம்ப வெளக்கி வெய்." அவளும் விளக்கி வைத்தாள்.

பங்குனி 17, செவ்வாய், ஓட்டு

ரேவதியை அவள் தம்பி பைக்கில் வந்து கூட்டிப்போனான். பை மடியில்.

நானும் பா.அ.வும் சீக்கிரமே ஓட்டுப் போட்டோம். யாருக்கு என்று டைரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். அங்கிருந்து பா.அ. நேரே மதகுக்குப் போய்விட்டாள். புங்கமரத்தடியில், மை வைத்த விரலைப் பார்த்தபடி. மதியம் சோறு எடுத்துப்போனேன். என் குழம்புதான். தொடவில்லை.

"சீரியல் நேரம் வருது அக்கா."

"போவட்டும்."

"அந்த மாமியா இன்னிக்கு செத்துட்டா?"

"சாவட்டும். முழிச்சிகினே குடிக்கறவளுக்கு நான் இன்னா பண்ண?" கொஞ்சம் கழித்து, "ஏன் அஞ்சல, வருவாளா?"

கிண்டல் செய்ய எவ்வளவோ இருந்தது. "தெரியலக்கா" என்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வரப்புமேல் ஒரு பச்சைப் புடவை. நடந்து வந்தாள். பை போனதைவிடப் பெரிதாகத் திரும்பியது. பா.அ. எழுந்தாள். முட்டி மறந்துபோயிருந்தது.

"ஒரு ஓட்டு போட இவ்ளோ நேரமா?"

"வரிசை, அத்த."

பா.அ. பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னாடி இவ்ளோ கனம்?"

"முருங்கக்கா. அந்தாண்டத்து காய்தான். மொதல்ல மணிக்கு வெச்சி பாத்துட்டு அப்புறமா நீங்க சாப்டுங்க."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். என்னைவிடப் பெரிய ஆளாக வருவாள். பா.அ. பையை வீடு வரைக்கும் கீழே இறக்கவில்லை.

பங்குனி 18, புதன்

மேகமூட்டம். வடகம் டப்பாவில். ரேவதி பா.அ. டம்ளரில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். அதில் சர்க்கரை இல்லாத டீ. அக்கா முகத்தைக் கோணிக்கொண்டு முழுதும் குடித்தாள். மதியம் முருங்கைக்காய் சாம்பார், மூன்று முறை கேட்டு வாங்கினாளாம். என் குழம்பைக் கேட்க ஆளில்லை.

மணி காலையிலிருந்து எங்கள் வாசலில் படுத்திருக்கிறது. அங்கே அதற்கு வேலை போய்விட்டது.