அசல் குறையாத பத்திரம்

அக்கா,

நேற்று சாயங்காலம் தம்பி வந்தான். கையில் மைசூர்பாக்கு டப்பா. மேசைமேல் வைத்துத் தானே மூடியைத் திறந்தான். "பெரியக்கா பத்திரம் முடிஞ்சுட்டு, சின்னக்கா. நாமினி நீதானே, பணம் உன் கணக்குல ஏறிட்டு. அஞ்சு பைசா குறையல, பாத்துக்கோ" என்றான். டப்பாவை எதிர்வீட்டுத் தறிக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலையிலும் வீட்டில் நெய் வாசனை போகவில்லை. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

குவைத் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக நின்று, வீங்கிய கால்களோடு நீ சங்கரன்கோவிலுக்குத் திரும்பினாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றியது போக மிஞ்சிய சேமிப்பு மட்டும்தான் உன்னிடம் இருந்தது. தம்பி அப்போதுதான் ஒரு நிதி நிறுவனத்துக்கு ஏஜெண்டாகச் சேர்ந்திருந்தான். வழவழப்பான தாள் ஒன்றை உன் முன்னால் விரித்தான்.

"அஞ்சு வருஷ பத்திரம்க்கா. பங்குச் சந்தை ஏறுனா லாபத்துல உனக்கும் பங்கு. விழுந்தா அசல் அப்படியே கையில. கேரண்டி தாராங்க."

நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாய். பிறகு கேட்டாய்: "ஏலே, எந்த மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. இதுக்கு என்னது?"

"ஒண்ணும் கிடையாதுக்கா" என்று சிரித்தான்.

தபால் ஆபீஸில் போடு, அவசரத்துக்கு எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "விலைவாசி ஏறுத ஏத்தத்துக்கு அந்த வட்டி காணுமா ஏட்டி? இதுல அசலும் நிக்கும், கொஞ்சம் வளரவும் செய்யும்லா" என்றாய். பேராசை என்று யாரும் அதைச் சொல்ல முடியாது. கஷ்டப்பட்டுச் சேர்த்தது கரையக்கூடாது என்று நினைத்தாய், அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் மார்பில் கட்டி இருப்பதை நீயேதான் கண்டுபிடித்தாய். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பத்திரத்தை முடித்துப் பணம் வாங்க மூன்று பேரும் திருநெல்வேலி ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், கேரண்டி அஞ்சு வருஷம் முடிஞ்சாதான். நடுவுல எடுத்தா இன்னைக்கு மார்க்கெட்ல என்ன விலையோ அதுதான்."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கேரண்டிக்குப் பக்கத்தில் "முதிர்வின்போது" என்று அந்தத் தாளிலேயே ஒரு வார்த்தை இருந்ததாம். தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றான்.

"கிடைக்கிறத வாங்குக்கா. உசுரவிடவா?" என்று நான் அழுதேன்.

"மீதிப் பாதிய எவனுக்கோ குடுக்கதுக்கா அங்கன அத்தனை வருஷம் மலம் அள்ளுனேன்? மார்க்கெட் ஏறட்டும், எடுத்துக்கிடுவோம்."

என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். என் கையிலேயே திரும்ப மாட்டிவிட்டாய். அரசு ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். நாளைக்கு, அடுத்த மாசம் என்றாய். தினமும் டிவியில் பங்குச் சந்தை செய்தி பார்த்தாய். ஏறினால் அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவாய். இறங்கினால் தட்டைத் தள்ளிவைப்பாய். அது உன் பணத்தைத் தொடும் அளவுக்கு ஏறவேயில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனேன். எலும்புக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர். நீ தலையை ஆட்டினாய், வேறு யாரோ ஒரு நோயாளியின் விஷயத்தைக் கேட்பது போல. அந்த ஐப்பசி மழையில் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது, அக்கா. சந்தை விழுந்த இடத்திலேயே கிடந்ததால் லாபம் என்று ஒன்றும் இல்லை. அசல் மட்டும் வந்திருக்கிறது. தபால் ஆபீஸில் கிடந்திருந்தால் வட்டியாவது சேர்ந்திருக்கும். இந்த ஐந்து வருஷத்தில் விலைவாசி தின்றது போக, அந்த அசலுக்கும் பழைய மதிப்பு இல்லை. ஆனாலும் குறை சொல்லி யாரிடமும் போய் நிற்க முடியாது. எல்லாம் எழுதியபடியே நடந்திருக்கிறது.

எதிர்வீட்டம்மா அப்படியொரு பத்திரம் வாங்கலாமா என்று கேட்டாள். "அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பணம் இல்லன்னு நெனச்சே இருக்க முடியும்னா வாங்குங்க. வீட்டுல யாருக்கும் நோய் வராதுன்னு எழுதித் தந்தா கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. என் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான் வருகிறது.

நேற்று தம்பி போகும்போது வாசலில் நின்று, "புதுசா ஒண்ணு வந்திருக்கு, சின்னக்கா. இந்தப் பணத்தை அப்படியே..." என்று இழுத்தான். "போயிருல" என்றேன். அவன் கண் கலங்கியது. மகள் காலேஜ் பீஸுக்கு அவன் அலைவது எனக்குத் தெரியும்.

சர்ச் பாதிரியார், நம் சபை ஐயர், அவனை மன்னிக்கச் சொல்கிறார். என்றைக்காவது மன்னித்துவிடுவேன். அவன் விற்கத் தெரிந்தவன், வேறொன்றும் தெரியாதவன். நீ அப்படியா? வார்டில் எத்தனை பெண்களிடம் "கட்டின்னா தள்ளிப்போடாதீங்கம்மா" என்று சொல்லியிருப்பாய்? உன் உடம்புக்கு மட்டும் ஏன் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை? அந்தக் கோபத்தை உன்மேல்தான் வைத்திருக்கிறேன், அக்கா. அதை இறக்கிவைக்க எனக்கு இடம் தெரியவில்லை.